பேர் கூப்பிடும் பாறை

அக்கா,

போன வாரம் மகள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் பதித்தார்கள். ஓசூரில், புறவழிச்சாலைக்குப் பின்னால் புதிதாக முளைத்திருக்கும் தெரு. கருஞ்சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு பலகை. பாத்திரம் கழுவும் தொட்டிக்காக ஓர் ஆள் அதன் நடுவில் மெஷினை வைத்து அறுத்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். கல் சூடாகி, அதன்மேல் தண்ணீர் பட்டு, ஒரு வாசனை எழுந்தது. மழை வாசனை இல்லை, மண் வாசனையும் இல்லை. சூடு பிடித்த கல்லின் வாசனை. அந்தத் தெருவில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"தூசி ஒத்துக்கலியாம்மா? வெளிய போய் உக்காரு" என்றாள் மகள். கண் கலங்கியதைப் பார்த்துவிட்டாள். ஆமாம், தூசிதான் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். பொய் சொல்ல எனக்கு எப்போதுமே நேரம் பிடித்ததில்லை. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதியே.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியவள் இல்லை நான். "ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதறா எழுத்துக்காரி, நமக்கு ஒண்ணும் கிடையாது" என்று கேலி செய்வாய். பக்கத்துத் தெருவில் இருப்பவளுக்கு என்ன கடிதம் என்பேன். இப்போது நீ இருக்கும் இடத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

நான் குவாரிக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாவது முடித்தவள் என்று கொஞ்சம் மிதப்பு வேறு. அப்பா படுக்கையில் விழுந்ததும் மிதப்பு இறங்கி, தலையில் கல் சுமக்கும் பாண்டு ஏறியது. உனக்கு இருபத்திரண்டு. மூன்று வயது வித்தியாசத்துக்கே உன்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். கடைசிவரை உன் பேரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஜவளகிரி தாண்டி, காட்டை ஒட்டிய அந்தக் கரட்டில் வேலிக்கு நடும் கல்கம்பமும் அஸ்திவாரக் கல்லும் உடைத்தோம். ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் இருப்போம். தமிழ் பேசுகிறவர்கள் பாதி. மீதியில் தெலுங்கும் கன்னடமும். சாப்பாட்டு நேரத்தில் ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷையும் வரும், யாருக்கும் எதுவும் புரியாமல் போகாது. மதியம் ஒரு வெடி, சாயங்காலம் ஒரு வெடி. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்துவிட்டால் எல்லோரும் பள்ளத்தை விட்டு மேலே ஏறி, ஆளுக்கொரு மரத்தடியில் ஒதுங்க வேண்டும். அப்புறம் நீ பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் அந்தத் தட்டைப் பாறைமேல் ஏறுவாய்.

எங்கள் பக்கம் ஆளை விரல்விட்டு எண்ண மாட்டார்கள். ஆடு மாட்டைத்தான் எண்ணுவது. மனிதரை எண்ணினால் குறையும் என்பார்கள். அதனால் குவாரியில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம். பேர் வந்ததும் அவரவர் குரலில் பதில் கொடுக்க வேண்டும். இருக்கேன் என்பார்கள், தெலுங்கில் உன்னானு என்பார்கள், கன்னடத்தில் இத்தீனி என்பார்கள். கடைசிப் பேருக்கும் பதில் வந்ததும் நீ வெடிக்காரரைப் பார்த்து, "எல்லாரும் மேல வந்தாச்சுண்ணா" என்பாய். அந்த வார்த்தை வராமல் அவர் தீக்குச்சி உரச மாட்டார். மேஸ்திரியே வந்து சொன்னாலும் மாட்டார்.

அந்த வழக்கம் உனக்கு முன்பே இருந்தது. ஆனால் உனக்கு முன்னால் கூப்பிட்டவர்கள் ரேஷன் கடையில் பேர் படிப்பதைப் போலப் படித்தார்களாம். நீ ஒவ்வொரு பேரையும் கூப்பிட்டுவிட்டு ஒரு கணம் நிற்பாய். பதில் வந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்பாய். பெரிய முனியப்பன் இருமிவிட்டுத்தான் பதில் சொல்வார். ராமக்காவின் குரலில் வெற்றிலை இருக்கும். இதையெல்லாம் நீ மனப்பாடம் செய்து வைத்திருந்தாய் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள் நீ. நான் பத்தாவது படித்து, செய்யுள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள். உன் மனப்பாடத்துக்கு முன்னால் அது என்ன?

மல்லம்மா மட்டும் முதல் தரம் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள். அவளுக்கும் என் வயதுதான்; எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரி. காட்டோரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரம் வாய் திறக்கக் கூடாது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். பேய் ஒரு தரம்தான் கூப்பிடுமாம். இரண்டாம் தரம் கூப்பிட்டால்தான் மனிதர். "பட்டப்பகல்ல, முப்பது பேரு நடுவுல, பாறை மேல நின்னுக்கினு எந்தப் பேய்டி உன்னைக் கூப்பிடும்?" என்று நீ கேட்டதற்கு, "பேய்க்கு வெக்கமா?" என்றாள். அதற்கப்புறம் நீ அவளைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு வேளையும் அவள் பேரை மட்டும் இரண்டு தரம் கூப்பிட்டாய். எங்களுக்கு அது எரிச்சல். வெயிலில் சோற்றுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், இவளுக்குப் பேய் பரீட்சை நடக்கிறது.

சித்திரை மாதம். மதிய வெடி. பசி எனக்கு. மல்லம்மாவும் நானும் எப்போதும் ஒரே புங்கமரத்தடியில் ஒதுங்குவோம். அன்று நான் முன்னால் ஏறி வந்துவிட்டேன். அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. நீ "மல்லம்மா" என்றாய். இவள் இப்போது பதில் சொல்ல மாட்டாள், இன்னொரு தரம் கூப்பிட்டு, இன்னொரு தரம் காத்திருந்து, என்று எனக்குள் ஒரு சலிப்பு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "இத்தீனி" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. இத்தனை வருடத்தில் நான் அதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? விளையாட்டுக்குச் சொன்னேன், சிநேகிதத்தில் சொன்னேன், வெயிலில் தலை சுற்றிச் சொன்னேன். எதுவும் பொருந்தவில்லை. பசித்தது, சொன்னேன்.

நீ அடுத்த பேருக்குப் போகவில்லை. பாறைமேல் அப்படியே நின்றாய். மேஸ்திரி பாறைக்குக் கீழே நின்று, "என்னா நின்னுட்ட? மருந்து கெட்டிச்சு வச்சாச்சு, வெயில்ல கெடக்குது" என்று கத்தினார்.

"இன்னொரு தரம் கூப்பிடறேன்" என்றாய்.

"யாரை?"

"எல்லாரையும். மொதல்லேர்ந்து."

அவர் திட்டியதை எழுத மாட்டேன். நீ காதில் வாங்கவில்லை. முதல் பேரில் இருந்து ஆரம்பித்தாய். பெரிய முனியப்பன் இருமினார். ராமக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதில் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். புங்கமரத்தடியில் நான் மட்டும் இருந்தேன். மல்லம்மா இல்லை.

உன் குரல் ஒவ்வொரு பேராக அவள் பேரை நோக்கி வந்துகொண்டிருந்தது. கத்தி இருக்கலாம், அக்கா. "அவ இங்க இல்ல, நான்தான் பொய் சொன்னேன்" என்று ஓடிவந்து சொல்லி இருக்கலாம். நீ "மல்லம்மா" என்றாய். பதில் இல்லை. "மல்லம்மா" என்றாய். காக்கா கரைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நீ பாறையிலிருந்து இறங்கினாய். வெடிக்காரர் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். மருந்து வைத்த பள்ளத்துக்குள், யாரும் போகக் கூடாத நேரத்தில், நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனதை மேலே இருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அறுத்து நிறுத்தி வைத்திருந்த ஒரு பெரிய கல்லின் நிழலில் மல்லம்மா சுருண்டு கிடந்தாள். காய்ச்சல். காலையிலிருந்தே உடம்பு கொதித்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். கெட்டித்து வைத்த குழியிலிருந்து பத்தடி. நீ அவளை முதுகில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாய். கரடு ஏறுவதற்குள் இரண்டு தரம் முட்டி போட்டாய். ஆண்கள் இறங்கி வந்து வாங்கிக்கொண்டார்கள். நான் இறங்கவில்லை.

அப்புறம்தான் விசாரணை. மேஸ்திரி கையில் குச்சியோடு வந்தார். "இவ கீழ தூங்கிக்கினு இருந்தா, இவ பேருக்குப் பதில் சொன்னது யாரு? இப்பவே சொல்லிடணும். சொன்னவ நாளையிலிருந்து வரவேணாம்."

நீ யார் பக்கமும் பார்க்கவில்லை. "எங் காதுதாங்க தப்பு. யாரும் சொல்லலை. அடுத்த பேரு மாதம்மா, அவ முந்திக்கினு சொன்னதை நான் மாத்திக் கேட்டுட்டேன்" என்றாய். மாதம்மா நல்லவள், விழித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. "காது கேக்காதவளுக்குப் பாறை எதுக்கு?" என்று சொல்லி உன்னை அன்றே கீழே இறக்கிவிட்டார்கள். பேர் கூப்பிடும் வேலை போய், விசில் வந்தது.

அந்த விசில் கூத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். மேஸ்திரியின் மச்சான் பாறைமேல் ஏறி, கபடி ஆட்டத்துக்கு ஊதுவது போல ஊதினார். வெடிக்காரர் பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "விசிலு ஊதினா கோழிகூட ஓடும். யாரு மேல வந்தாங்க, யாரு வரலைன்னு விசிலா சொல்லும்? அந்தப் பொண்ணு சொல்லட்டும், பத்த வக்கிறேன்" என்றார். நான்கு நாள் குவாரியில் வெடியே போடவில்லை. ஐந்தாம் நாள் நீ மறுபடி பாறைமேல் நின்றாய். மல்லம்மா காய்ச்சல் விட்டு வந்திருந்தாள். அவளை இரண்டு தரம் கூப்பிட்டாய். யாரும் முணுமுணுக்கவில்லை.

நானும் முணுமுணுக்கவில்லை. சொல்லவும் இல்லை.

குவாரியின் குத்தகைக்காலம் முடிந்து மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனோம். மல்லம்மா தேன்கனிக்கோட்டையில் வாக்கப்பட்டு, பூக்கட்டும் தொழிலில் உட்கார்ந்தாள். நீயும் நானும் ஓசூருக்கு வந்து ஒரே கம்பெனியில் சேர்ந்தோம்; நான் பேக்கிங்கில் லேபிள் ஒட்டினேன், நீ ஹவுஸ்கீப்பிங். நீல நிறச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "கல்லு தூக்கின உடம்பு, சட்டை பத்தல" என்று சிரித்தாய்.

அங்கே ஒரு தடவை தீ ஒத்திகை வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சைரன் ஊதியது, எல்லோரும் வெளியே மைதானத்தில் வரிசையாக நின்றோம். பாதுகாப்பு ஆபீசர் தலைகளை எண்ணிவிட்டு, "கவுண்ட் கரெக்ட்" என்று போனில் சொன்னார். நீ வரிசையை விட்டு வெளியே வந்தாய்.

"சார், எண்ணிக்கை சரி. ஆளு சரியா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"எங்க லைன்ல வெங்கடேசு இல்லீங்க. அவருக்குப் பதிலா கேட்டுல இக்கிற வாட்ச்மேன் அண்ணன் நிக்கிறாரு. அவரு உங்க லிஸ்ட்லயே இல்ல."

வெங்கடேஷ் கழிவறையில் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒத்திகை என்பதால் சிரித்து முடிந்தது. அடுத்த ஒத்திகையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உனக்கு யாரும் கை தட்டவில்லை. நீ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாய். நான் வரிசையில் நின்று பெருமைப்பட்டேன். அதே நேரம் முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எங்கே திரும்பி என்னைப் பார்த்துவிடுவாயோ என்று.

போன பங்குனியில் நீயும் நானும் குவாரியைப் பார்க்கப் போனோம். ஒரு பசு விழுந்துவிட்டதாம், பள்ளத்துக்கு யாரும் வேலி போடவில்லையாம் என்று நீதான் நச்சரித்தாய். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தும் எனக்கு இடம் பிடிபடவில்லை. எங்கே பார்த்தாலும் உண்ணிச்செடி, ஆவாரை, மூங்கில். இங்கே ஒரு காலத்தில் முப்பது பேர் கல் உடைத்தார்கள் என்று யாராவது சொன்னால், சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன்.

நீ நம்பினாய். செடியை விலக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றாகக் காட்டினாய். எனக்கு மேடாகத் தெரிந்தது, நாம் கழித்துக் கொட்டிய கல் குவியல். அதன்மேல் மண் சேர்ந்து, துரிஞ்சி மரம் என் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. லாரி ஏறிய பாதை ஆனைத்தடம் ஆகி இருந்தது. காய்ந்த ஆனை லத்தி கிடந்தது. "நாம போட்ட ரோட்டுல ஆனை ஜம்முனு போய்க்கினு இக்குது பாரு. லாரிய விட ஒழுங்கா ஓரமாத்தான் போகுது" என்றாய். வெடிமருந்து அறைக்குக் கூரை இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு அரசமரம் நின்றது. எடுக்காமல் விட்டுப் போன ஒரு கல்லில் சிவப்புப் பெயிண்டில் போட்ட எண் பாசிக்கு அடியில் மங்கலாக இருந்தது. பாறை முகத்தில் கையளவு இடைவெளியில் வரிசையாக அரைக்குழிகள், மேலிருந்து கீழே. ஆப்பு இறக்கிப் பிளந்தபோது பாதி கல்லோடு போக, பாதி பாறையோடு நின்றவை. ஒவ்வொரு குழியிலும் மழைமண் சேர்ந்து, ஒவ்வொரு புல் முளைத்திருந்தது. நீ விரலை விட்டுப் பார்த்து, "இது முனியப்பண்ணன் போட்டது. அவரு குழி கொஞ்சம் சாய்ஞ்சிக்கும்" என்றாய்.

அவர் செத்துப் பன்னிரண்டு வருடம். காடு எல்லாவற்றையும் மூடி இருக்கிறது, உனக்கு மட்டும் யார் குழி எது என்று தெரிகிறது.

பள்ளம் நிறையத் தண்ணீர் நின்றது. பச்சைத் தண்ணீர்; ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்தது. மல்லம்மா சுருண்டு கிடந்த இடம் இப்போது தண்ணீருக்கடியில். கரையில் பசு சறுக்கிய தடம் இருந்தது. நீ உடனே ஊருக்குள் போய் இரண்டு பேரைப் பிடித்து, முள் வெட்டிப் போட்டு அடைக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாய். உட்கார்ந்த இடம் அந்தத் தட்டைப் பாறை. தூக்கைத் திறந்து புளிச்சோறு எடுத்துக் கொடுத்துக்கொண்டே, வேறு ஏதோ பேச்சின் நடுவில், சாதாரணமாகச் சொன்னாய்:

"அன்னிக்கி ரெண்டாவது தரம் நீ வாய மூடிக்கின பாரு, அதாலதான் அவ பொழச்சா."

சோற்றைத் தூக்கின் மூடிமேல் வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன்.

"மொதல் தரமே பதில் வந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது மல்லம்மா இல்லைன்னு. ஆனா யாருன்னு அப்ப தெரியாது; புங்கமரத்தடியில நீ தனியா நிக்கிறதைப் பாத்தப்புறம்தான் புரிஞ்சது. திரும்பக் கூப்பிட்டப்ப, மறுபடியும் யாராச்சும் பதில் சொல்லி இருந்தா என்னா பண்ணி இருப்பேன்னு இப்பவும் பயமா இக்குது. நீ சொல்லலை. அது பெருசு" என்றாய். அப்புறம், "ஊறுகா போட்டுக்கோ" என்றாய்.

அக்கா, என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியத்துக்குள் கைவிட்டு, அதிலிருந்து ஒரு நல்லதைத் துழாவி எடுத்து என் கையில் வைத்தாய். நான் பயத்தில் ஊமையாக நின்றதை நீ தைரியம் என்று வைத்துக்கொண்டாயா? அல்லது பயம் என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னாயா? கேட்டிருக்க வேண்டும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நீ தூக்கைக் கழுவினாய்.

ஐப்பசி மழையில் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மல்லம்மா கூடை நிறைய சாமந்தி கொண்டுவந்து, உன் காலடியில் உட்கார்ந்து கட்டிக் கட்டிப் போட்டாள். "எங்கம்மா ஒரு தரம் பெத்தா, இவ ஒரு தரம் பெத்தா" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கை என் கைதானா என்று இருந்தது.

மகள் வீட்டு வாசலில் கல் வாசனையோடு உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்தேன். நீ இருந்தவரை, உனக்குத் தெரியும் என்பதே எனக்கு ஒரு சாக்காக இருந்தது. இனி அந்தச் சாக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேன்கனிக்கோட்டை போய் மல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு குவாரிக்குப் போனேன். எதற்கு என்று கேட்டாள். அக்கா போட்ட முள்வேலி இருக்கிறதா என்று பார்க்க என்றேன். பாதி உண்மை. வேலி இருந்தது, அதன்மேல் ஒரு கொடிகூடப் படர்ந்திருந்தது.

பாறைமேல் உட்கார வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கி உன் பேருக்குப் பதில் சொன்னது நான்தான் மல்லம்மா. பசி தாங்கல. அதான்."

அவள் சட்டென்று சிரிக்கப் பார்த்தாள்; வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து வேலியோரம் போய் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு கல்யாணத்துல நீதான் முகூர்த்தப் பொடவை மடிச்ச" என்றாள் திரும்பாமலே.

"ஆமா."

"எத்தனை தரம் எங்கூட்டுல சாப்ட்ட."

"ஆமா."

"அக்காக்குத் தெரியுமா?"

நீ சொன்னதை அப்படியே சொன்னேன், வாய் மூடிக்கொண்டது பெரிசு என்றதை. கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அவ அப்படித்தான் சொல்லுவா. அவ பெரிய மனுஷி. நான் அவ இல்ல. பிடுன்னு சொல்லிடணும்னு வாயில வருது. இன்னிக்கி வராது" என்றாள். பிடு என்றால் விடு. அவள் கோபத்தில்தான் கன்னடம் அதிகம் வரும்.

சரி என்றேன். மன்னிப்பு என்பது கேட்டதும் எடுத்து நீட்ட, முறத்தில் இருக்கிற பூவா?

கிளம்பும் நேரத்தில் அவள் பாறையைத் திரும்பிப் பார்த்து ஒன்று கேட்டாள். "அக்கா இங்க நின்னுக்கினு எல்லார் பேரையும் கூப்பிடுவா. அவ பேரை யாரு கூப்பிட்டா?"

யோசித்துப் பார்த்தேன். யாருமில்லை. முப்பது பேரில் அந்த வரிசையில் இல்லாத ஒரே பேர் உன்னுடையது. நீ மேலே நிற்கிறாய் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் உன்னை யாரும் கூப்பிடவில்லை. அன்று நீ பள்ளத்துக்குள் இறங்கியபோதும், கல்லுக்குப் பின்னால் மறைந்தபோதும், மேலே இருந்து ஒருவர்கூட உன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

நான் பாறைமேல் ஏறினேன். முழங்கால் வலித்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக உன் பேரைச் சொன்னேன், அக்கா. மரியாதையோடுதான் சொன்னேன். எதிர்ப்பாறையில் பட்டு அந்தப் பேர் திரும்பி வந்தது. கொஞ்சம் நின்று இன்னொரு தரம் கூப்பிட்டேன். தண்ணீர்மேல் காற்று போனது. போன தடவை பார்த்த மீன்கொத்தியைக் காணோம். மல்லம்மா கீழே கைகூப்பிக்கொண்டு நின்றாள். உனக்காக நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஆனைத்தடத்தில் ஒரு திருப்பத்தில் உண்ணிச்செடி அடர்ந்து அவள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள். காலடிச் சத்தமும் கேட்கவில்லை. "மல்லம்மா" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

இனிமேல் என் குரலுக்கு அவளிடமிருந்து பதிலே வராதோ என்று பயந்தபடி நின்றேன். உன்னைப் போல, அவசரப்படாமல், அவளுக்கு உரிய நேரத்தை விட்டுக் கொடுத்து நின்றேன். பிறகு இரண்டாம் தரம் கூப்பிட்டேன்.

"இத்தீனி" என்றாள் செடிக்குப் பின்னாலிருந்து. "வா."